உப்பளத்திலிருந்து ரப்பர் பால் வரை: ஆவர்த்தன அட்டவணையைப் புதிதாகத் தொடங்குவோருக்கு

கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சலிலிருந்து மணவாளக்குறிச்சி வழியாகக் கிழக்கே போகும் கடற்கரையில் மணல் இடையிடையே கறுத்துக் கிடக்கும். அந்தக் கறுப்பில் பெரும்பகுதி இல்மனைட். இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனும் சேர்ந்தது. கூடவே ரூட்டைல், சிர்கான், கார்னெட், மோனசைட் எல்லாம் கலந்திருக்கும். 1909-ல் ஷாம்பெர்க் என்ற ஜெர்மானியர் இந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டறிந்தார். சீரியம், லாந்தனம், நியோடிமியம், தோரியம் என்று அட்டவணையின் அடியில் தனியாகப் பிரித்துப் போட்டிருக்கும் இரண்டு வரிசைகளின் தனிமங்கள் அந்த ஒரு கனிமத்துக்குள் இருக்கின்றன. (அந்த மணலை அள்ளி வந்து வீட்டில் வைக்க வேண்டாம். மோனசைட்டில் உள்ள தோரியம் கதிரியக்கம் உள்ளது. அது சட்டக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட கனிமமும்கூட.)

இப்படிப்பட்ட கரையில் இருந்துகொண்டு 118 பெயர்களைப் பாட்டு மாதிரி மனப்பாடம் செய்வது தேவையற்ற உழைப்பு. முதல் 20 தனிமங்களும் இரண்டு கேள்விகளும் போதும். ஓர் அணுவின் வெளிக்கூட்டு எலக்ட்ரானை அணுக்கரு எவ்வளவு பலமாக இழுக்கிறது? அந்த எலக்ட்ரான் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? அணுவின் அளவு, அயனியாக்கும் ஆற்றல் (அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்க ஆகும் ஆற்றல்), பிணைப்பின் வகை என்று பாடத்தில் வரும் பெரும்பாலானவற்றுக்கு இந்த இரண்டிலிருந்தே விடை வரும்.

சொற்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தமிழக–கேரள எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் தமிழ் வழியிலும் அந்தப் பக்கம் மலையாள வழியிலும் படிக்கும் பிள்ளைகள் ஒரே டியூஷனில் உட்காருவது சகஜம். மலையாளத்தில் ‘மூலகம்’ என்றால் தனிமம். நம் புத்தகத்தில் ‘மூலக்கூறு’ என்பது அணுக்கள் சேர்ந்த கூட்டம். அதை அவர்கள் ‘தன்மாத்ர’ என்பார்கள். ஒருவர் நோட்டை ஒருவர் பார்த்து எழுதும்போது இந்த இரண்டும் இடம் மாறிவிடும். முதல் நாளே முதல் பக்கத்தில் இதை எழுதி வையுங்கள்.

படி 1: உங்கள் கையால் ஓர் அட்டவணை

சார்ட் பேப்பர் ஒன்று எடுத்து 8 நிரல், 4 வரிசை கட்டம் போடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் தனிமத்தின் பெயர், அணு எண், கூடுவாரியாக எலக்ட்ரான் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் எழுத வேண்டும். சோடியம், 11, 2-8-1. குளோரின், 17, 2-8-7. கால்சியம், 20, 2-8-8-2. ஹைட்ரஜனை முதல் நிரலிலும், ஹீலியத்தை எட்டாம் நிரலிலும் வைக்கவும். ஹீலியத்தின் வெளிக்கூட்டில் இரண்டே எலக்ட்ரான்கள்தான். ஆனால் அந்தக் கூடு அதோடு நிரம்பிவிடுகிறது, அதனால்தான் நியானுக்கு மேலே அதற்கு இடம்.

குழப்பம் வரும் இடம் பொட்டாசியம். மூன்றாம் கூட்டில் 18 எலக்ட்ரான்கள் கொள்ளும் என்று படித்தவர்கள் 2-8-9 என்று எழுதிவிடுவார்கள். சரியானது 2-8-8-1. ஒவ்வொரு கூட்டுக்கும் துணைக்கூடு என்ற உட்பிரிவுகள் உண்டு. மூன்றாம் கூட்டில் மிச்சமிருக்கும் துணைக்கூட்டைவிட நான்காம் கூட்டின் முதல் துணைக்கூடு பொட்டாசியத்தில் ஆற்றல் குறைந்தது. எலக்ட்ரான் அங்கேதான் முதலில் உட்காரும். மிச்சமிருந்த அந்த 10 இடங்கள் 21-ஆம் தனிமமான ஸ்கேண்டியத்திலிருந்து நிரம்பத் தொடங்கும். டைட்டானியம், இரும்பு, செம்பு, துத்தநாகம் எல்லாம் அந்தப் பத்துக்குள் வருகின்றன. வரிசைகளின் நீளம் 2, 8, 8, 18, 18, 32, 32 என்று போவதும் இந்த நிரப்பு முறையால்தான்.

நெடுக்கு நிரல் தொகுதி, கிடை வரிசை தொடர். நீங்கள் வரைந்தது 8 நிரல். அச்சிட்ட அட்டவணையில் 18. ஆகவே உங்கள் மூன்றாம் நிரலில் உள்ள அலுமினியம் அச்சு அட்டவணையில் 13-ஆம் தொகுதி, குளோரின் 17-ஆம் தொகுதி. 13 முதல் 18 வரையுள்ள தொகுதிகளில் 10-ஐக் கழித்தால் வெளிக்கூட்டு எலக்ட்ரான் எண்ணிக்கை கிடைக்கும். ஹீலியம் மட்டும் விலக்கு.

மெண்டலீவ் 1869-ல் அணு நிறையை வைத்து அடுக்கினார். 1913-ல் மோஸ்லியின் எக்ஸ்-கதிர் அளவீடுகள் அணு எண்தான் அடிப்படை என்று காட்டின. வரலாறு இப்போதைக்கு இவ்வளவு போதும்.

படி 2: இழுப்பைக் கணக்கிடுதல்

சோடியம் அணுக்கருவில் 11 புரோட்டான்கள். உள்கூடுகளில் 10 எலக்ட்ரான்கள். வெளியே நிற்கும் ஒற்றை எலக்ட்ரானுக்கும் அணுக்கருவுக்கும் நடுவில் அந்தப் பத்தும் திரைபோல நிற்கின்றன. தோராயமாக 11 கழித்தல் 10, அதாவது 1 என்ற அளவு இழுப்பைத்தான் வெளி எலக்ட்ரான் உணரும். குளோரினுக்கு 17 கழித்தல் 10, ஆக 7. இது முரட்டுக் கணக்கு. உண்மையான மதிப்புகள் சற்று வேறுபடும். ஆனால் ஒப்பிடுவதற்கு இது பெரும்பாலும் ஏமாற்றாது. பாடநூலில் இதன் பெயர் செயலுறு அணுக்கரு மின்சுமை.

ஒரே தொடரில் இடமிருந்து வலம் போகும்போது கூடு மாறுவதில்லை. இழுப்பு 1, 2, 3 என்று ஏறுகிறது. ஒரே தொகுதியில் மேலிருந்து கீழே போகும்போது இழுப்பு ஏறக்குறைய அதேதான். கூடு ஒவ்வொன்றாகக் கூடி எலக்ட்ரான் தள்ளிப் போகிறது. போக்குகளை அம்புக்குறி போட்டு மனப்பாடம் செய்பவர்கள் தேர்வில் அம்பைத் திருப்பிப் போட்டுவிடுகிறார்கள். இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தத் தவறு வராது.

படி 3: அளவு

சோடியத்தின் ஆரம் 186 பிக்கோமீட்டர் (ஒரு பிக்கோமீட்டர் என்பது மீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு), இழுப்பு கூடிய குளோரினுடையது 99. முதலாவது உலோக ஆரம், இரண்டாவது சகப்பிணைப்பு (எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொள்ளும் பிணைப்பு) ஆரம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மந்த வாயுக்கள் பிணையாததால் அவற்றுக்கு வேறொரு வகை ஆரம் தருவார்கள். அதனால் சில பட்டியல்களில் நியான் ஃப்ளூரினைவிடப் பெரிதாகத் தெரியும். போக்கு உடைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அளந்த விதம்தான் வேறு.

எலக்ட்ரானை இழந்தோ ஏற்றோ மின்சுமை பெற்ற அணுக்களான அயனிகளில் கணக்கு இன்னும் தெளிவு. ஆக்சைடு, ஃப்ளூரைடு, சோடியம், மெக்னீசியம், அலுமினியம் ஆகிய ஐந்து அயனிகளிலும் எலக்ட்ரான்கள் 10. புரோட்டான்கள் மட்டும் 8, 9, 11, 12, 13 என்று ஏறுகின்றன. ஆரங்கள் 140, 133, 102, 72, 54 பிக்கோமீட்டர். ஒரே பத்து எலக்ட்ரான்கள். இழுக்கும் கை பலமாக ஆக ஆகக் கொத்து சுருங்குகிறது.

இப்போது சிர்கான் மணலுக்கு வருவோம். அதிலுள்ள சிர்கோனியத்துக்கு அட்டவணையில் நேர் கீழே இருப்பது ஹாஃப்னியம். ஒரு கூடு கூடியிருப்பதால் அது பெரிதாக இருக்க வேண்டும். ஆனால் சிர்கோனியம் சுமார் 160 பிக்கோமீட்டர், ஹாஃப்னியம் சுமார் 159. காரணம், இரண்டுக்கும் நடுவில் லாந்தனைடு வரிசை புகுந்திருக்கிறது. அதில் 14 புரோட்டான்கள் கூடும்போது சேரும் 14 எலக்ட்ரான்களும் திரையாக நிற்பதில் மோசமானவை. இழுப்பு கூடி, அடுத்த கூட்டால் வர வேண்டிய பெருக்கத்தைத் தின்றுவிடுகிறது. அளவும் மின்சுமையும் ஒன்றாக இருப்பதால் சிர்கான் உள்ள இடத்திலெல்லாம் ஹாஃப்னியமும் ஒளிந்திருக்கும். 1923-ல்தான், கோபன்ஹேகனில் காஸ்டரும் ஹெவசியும், சிர்கான் கனிமத்திலிருந்தே அதைக் கண்டுபிடித்தார்கள். அணு உலைக் குழாய்களுக்குச் சிர்கோனியம் வேண்டும். ஹாஃப்னியமோ நியூட்ரான்களை விழுங்கும், அதைப் பிரித்தே ஆக வேண்டும். இரண்டும் அச்சு அசலாக ஒரே அளவு என்பதால் அந்தப் பிரிப்பு வேதியியலில் கடினமான வேலைகளில் ஒன்று.

படி 4: அயனியாக்கும் ஆற்றலை வரைபடமாக்குங்கள்

இந்தப் படியைத் தவிர்க்க வேண்டாம். அரை மணி நேர வேலை. வரைபடத்தாளில் கிடையாக ஒரு தனிமத்துக்கு 1 செ.மீ., நெடுக்காக 200 கிலோஜூலுக்கு 1 செ.மீ. ஹைட்ரஜனிலிருந்து கால்சியம் வரை ஒரு மோலுக்கான மதிப்புகள், கிலோஜூலில்: 1312, 2372, 520, 899, 801, 1086, 1402, 1314, 1681, 2081, 496, 738, 578, 786, 1012, 1000, 1251, 1521, 419, 590.

புள்ளிகளை இணைத்தால் மலைத்தொடர் மாதிரி வரும். சிகரங்களில் ஹீலியம், நியான், ஆர்கான். பள்ளங்களில் லித்தியம், சோடியம், பொட்டாசியம். ஏறுகிற சரிவுகளில் நான்கு இடத்தில் கோடு கொஞ்சம் இறங்கும். தவறாகக் குறித்துவிட்டோமென்று அதை நேராக்கிவிடாதீர்கள்.

போரான் பெரிலியத்துக்குக் கீழே இறங்குவது, அதன் கடைசி எலக்ட்ரான் ஆற்றல் கூடிய புதுத் துணைக்கூட்டில் இருப்பதால், பிடுங்குவது எளிது. ஆக்சிஜன் நைட்ரஜனுக்குக் கீழே இறங்குவது வேறு காரணம். நைட்ரஜனில் அந்தத் துணைக்கூட்டின் மூன்று எலக்ட்ரான்கள் மூன்று அறைகளில் (ஆர்பிட்டால்களில்) தனித்தனியாக இருக்கின்றன. நான்காவது எலக்ட்ரான் ஏற்கெனவே ஆள் இருக்கும் அறைக்குள் நுழைய வேண்டியிருக்கிறது, ஒன்றையொன்று தள்ளுகின்றன. அலுமினியத்திலும் கந்தகத்திலும் இதே இரண்டு காரணங்கள் திரும்ப வருகின்றன.

அடுத்தடுத்த எலக்ட்ரான்களைப் பிடுங்கினால் இன்னொன்று தெரியும். சோடியத்தில் முதல் எலக்ட்ரானுக்கு 496, இரண்டாவதுக்கு 4562. மெக்னீசியத்தில் 738, 1451, பிறகு 7733. தாவல் எங்கே விழுகிறதோ அதற்கு முன் எத்தனை எலக்ட்ரான்கள் போயினவோ, அதுதான் அந்த உலோகம் தரக்கூடிய எண்ணிக்கை. சோடியம் ‘எட்டு வேண்டும் என்று ஆசைப்பட்டு’ எலக்ட்ரானைத் தருகிறது என்று எழுதாதீர்கள். எலக்ட்ரான் தானாகக் கழன்று விழுவதில்லை, 496 கிலோஜூல் செலவு உண்டு. அயனிகள் எதிரெதிரே நெருங்கிப் படிகமாகும்போது திரும்பக் கிடைக்கும் ஆற்றல் அந்தச் செலவை ஈடுகட்டி மிஞ்சுவதால்தான் உப்பு உருவாகிறது.

படி 5: கவர்திறன்

தனி அணு ஒன்று புது எலக்ட்ரானை ஏற்கும்போது வெளிவரும் ஆற்றல் எலக்ட்ரான் நாட்டம். பிணைப்பில் பங்கிட்ட எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கும் திறன் எலக்ட்ரான் கவர்திறன். இவற்றைக் குழப்பினால் ஒரு மதிப்பெண் கேள்வி நிச்சயம் போகும், ஏனென்றால் நாட்டத்தில் குளோரின் (349 கிலோஜூல்) ஃப்ளூரினை (328) முந்துகிறது. ஃப்ளூரின் அத்தனை சிறியது, ஏற்கெனவே உள்ள எலக்ட்ரான்கள் புதியதைத் தள்ளுகின்றன. கவர்திறனில் முதலிடம் ஃப்ளூரினுக்கே.

பாலிங் அளவில் சில எண்கள் கைவசம் இருக்கட்டும்: சோடியம் 0.93, மெக்னீசியம் 1.31, டைட்டானியம் 1.54, ஹைட்ரஜன் 2.20, கார்பன் 2.55, கந்தகம் 2.58, நைட்ரஜன் 3.04, குளோரின் 3.16, ஆக்சிஜன் 3.44, ஃப்ளூரின் 3.98.

படி 6: என்ன பிணைப்பு?

முதலில் சேரும் இரண்டும் உலோகமா அலோகமா என்று பாருங்கள். உலோகமும் அலோகமும் என்றால் பெரும்பாலும் அயனிப் பிணைப்பு (எதிரெதிர்ச் சுமையுள்ள அயனிகளின் ஈர்ப்பு), இரண்டும் அலோகம் என்றால் சகப்பிணைப்பு, இரண்டும் உலோகம் என்றால் உலோகப் பிணைப்பு. அடுத்து கவர்திறன் வேறுபாட்டைக் கழித்துப் பார்க்கவும். 1.7-க்கு மேல் அயனி, கீழே சகப்பிணைப்பு என்று ஒரு விதி எல்லா நோட்டிலும் இருக்கும். அது வழிகாட்டும் கம்பம்தான், வேலி அல்ல. ஹைட்ரஜன் ஃப்ளூரைடில் வேறுபாடு 1.78, அது சகப்பிணைப்பு மூலக்கூறு, 19.5 டிகிரியில் கொதிக்கும். சோடியம் ஹைட்ரைடில் 1.27தான், அது அயனிச் சேர்மம்.

உலோகம்–அலோகம் விதி தவறுவதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. கொல்லம் மாவட்டம் சவறாவில் டைட்டானியம் மணலிலிருந்து வெள்ளை நிறமி செய்யும்போது இடையில் டைட்டானியம் டெட்ராகுளோரைடு உண்டாகும். உலோகமும் குளோரினும் சேர்ந்தது, ஆனால் உப்பு மாதிரிப் படிகம் இல்லை. 136 டிகிரியில் கொதிக்கும் திரவம். +4 சுமையுள்ள சின்னஞ்சிறு டைட்டானியம் அயனி தனியே நிற்க முடியாது. பக்கத்துக் குளோரைடின் எலக்ட்ரான் மேகத்தைத் தன் பக்கம் இழுத்துப் பங்காக்கிவிடும். அயனி சிறிதாகவும் சுமை பெரிதாகவும் இருந்தால் சகப்பிணைப்புத் தன்மை கூடும் என்பதைத் தனியாக எழுதி வையுங்கள்.

அயனிச் சேர்மங்களைப் பார்க்கச் சாமித்தோப்பு, புத்தளம் உப்பளங்களுக்குப் போகலாம். கடல்நீர் வற்ற வற்றச் சுண்ணாம்பும் ஜிப்சமும் முதலில் படியும். அடர்த்தி போமே மானியில் 25 டிகிரி அளவுக்கு ஏறும்போது உப்பு இறங்கும். 29, 30-ஐத் தாண்ட விட்டால் மெக்னீசியம் உப்புகள் சேர்ந்து கசக்கும். அதற்குள் மீதி நீரை வெளியே விட்டுவிட வேண்டும். இந்த வரிசையை அயனிகளின் சுமையை மட்டும் வைத்து விளக்க முடியாது. ஜிப்சத்திலும் மெக்னீசியம் சல்பேட்டிலும் சுமைகள் ஒன்றே. படிகம் அயனியைப் பிடித்து வைப்பதற்கும், தண்ணீர் அதே அயனியைப் பிடித்து வைப்பதற்கும் இடையே போட்டி. 72 பிக்கோமீட்டர் மெக்னீசியத்தைத் தண்ணீர் இறுகப் பிடித்துக்கொள்கிறது, கடைசிவரை விடுவதில்லை. கழுவாத கல் உப்பு ஆடி மழையில் நசநசத்துப் போவதும் அதில் ஒட்டியிருக்கும் மெக்னீசியம் குளோரைடால்தான்.

வீட்டில் சோதிக்க: 9 வோல்ட் பேட்டரி, ஒரு சிவப்பு எல்.இ.டி., 470 ஓம் மின்தடை, இரண்டு பென்சில் கரிக்குச்சிகள். எல்லாவற்றையும் தொடராக இணைத்து, குச்சிகளை 2 செ.மீ. இடைவெளியில் நிறுத்தவும். உலர்ந்த உப்பில் விளக்கு எரியாது. 100 மில்லி டிஸ்டில்டு வாட்டரில் ஒரு டீஸ்பூன் உப்பு கரைத்தால் எரியும். அதே அளவு சர்க்கரை கரைத்தால் எரியாது. கிணற்றுத் தண்ணீர் எடுத்தால் சோதனை கெடும். கடலோரக் கிணற்றில் ஏற்கெனவே உப்பு இருக்கும், சர்க்கரைக் கரைசலிலும் விளக்கு மினுங்கும். பேட்டரி கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரையே வாங்குங்கள். எரியவே இல்லையென்றால் எல்.இ.டி.யின் நீளமான கால் பேட்டரியின் நேர்முனைப் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். உப்புக் கரைசலில் சிறிது குளோரின் வெளிவரும், ஆகவே சன்னலைத் திறந்து வைத்து அரை நிமிடத்தில் முடித்துக்கொள்ளவும். வீட்டு மின்சாரத்தை இதற்கு ஒருபோதும் தொடக் கூடாது.

படி 7: புள்ளி அமைப்பு

வெளிக்கூட்டு எலக்ட்ரான்களைப் புள்ளிகளாகக் காட்டும் படத்தை ஊகித்து வரையாமல் எண்ணி வரைய ஒரு முறை. கார்பனேட் அயனியை எடுத்துக்கொள்வோம். சிப்பி சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கும்போது சுமார் 900 டிகிரியில் உடைவது இதுதான். கையிருப்பு: கார்பன் 4, மூன்று ஆக்சிஜனுக்கு 18, எதிர்ச்சுமைக்கு 2, மொத்தம் 24. தேவை: நான்கு அணுக்களுக்குத் தலா 8, மொத்தம் 32. வித்தியாசம் 8, அதுதான் பங்கிட வேண்டியது, அதாவது 4 பிணைப்புகள். ஆக்சிஜன்கள் மூன்று, ஆகவே ஒன்றுக்கு இரட்டைப் பிணைப்பு. மீதி 16 எலக்ட்ரான்களை ஆக்சிஜன்களைச் சுற்றி இணை இணையாக வைக்கவும். மூன்று ஆக்சிஜனில் எதற்கு இரட்டை என்று கேட்டால், மூன்றும் சமம். இரட்டைத் தன்மை மூன்றுக்கும் பரவியிருக்கிறது.

மோனசைட்டில் உள்ள பாஸ்பேட்டை நீங்களே போடுங்கள்: கையிருப்பு 5, 24, 3 சேர்ந்து 32, தேவை 40, ஆகவே 4 ஒற்றைப் பிணைப்புகள். பெரும்பாலானோர் தவறவிடுவது சுமையை: எதிர் அயனிக்குக் கூட்ட வேண்டும், நேர் அயனிக்குக் கழிக்க வேண்டும். ஹைட்ரஜனுக்குத் தேவை 8 அல்ல, 2.

அம்மோனியாவில் நைட்ரஜன் மேல் ஒரு தனித்த இணை மிஞ்சும். ரப்பர் பால் சீக்கிரம் திரிந்துவிடாமலிருக்க அம்மோனியா சேர்ப்பதைத் தோட்டங்களில் பார்த்திருப்பீர்கள். அந்த இணை தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் அயனியைப் பிடித்து அம்மோனியம் ஆகிறது. இரண்டு எலக்ட்ரானும் நைட்ரஜன் கொடுத்தது, ஈதல் சகப்பிணைப்பு. மிச்சப்படும் ஹைட்ராக்சைடு பாலைக் காரமாக வைக்கிறது, ரப்பர் துகள்கள் எதிர்ச்சுமையோடு ஒன்றையொன்று தள்ளி மிதக்கின்றன. ஷீட் அடிக்கும்போது ஃபார்மிக் ஆசிட் ஊற்றினால் சுமை போய்விடுகிறது, பால் உறைகிறது.

உலோகப் பிணைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெளி எலக்ட்ரான்கள் எந்த அணுவுக்கும் சொந்தமில்லாமல் உலவுவதால் அணு அடுக்குகள் வழுக்கி நகரலாம். செம்பைத் தட்டினால் தகடாகிறது. துத்தநாகம் சேர்த்துப் பித்தளையாக்கினால் அளவு மாறிய அணுக்கள் இடைஞ்சலாக நிற்கும், கடினம் கூடும். கேரளத்தின் ஆறன்முளைக் கண்ணாடி உண்மையில் செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம், அதில் வெள்ளீயம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அங்கே செம்பும் வெள்ளீயமும் ஒழுங்கான தனி அமைப்பாக இறுகி, அடுக்குகள் நகர வழியே இல்லை. கண்ணாடி போல மெருகு ஏறும், கீழே விழுந்தால் கண்ணாடி போலவே உடையும்.

கடைசியாக, மிகப் பரவலான ஒரு தவறு. ‘சகப்பிணைப்புச் சேர்மங்களின் உருகுநிலை குறைவு, ஆகவே சகப்பிணைப்பு பலவீனமானது’ என்று எழுதுவது. மெழுகு உருகும்போது அதன் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்றுகூட உடைவதில்லை. மூலக்கூறுகளுக்கு இடையிலுள்ள மென்மையான ஈர்ப்புதான் விட்டுப்போகிறது. ரப்பரில் இதைக் கையால் உணரலாம். உலர்ந்த ஷீட்டின் நீண்ட சங்கிலிகள் ஒவ்வொன்றும் உள்ளே உறுதியானவை. ஆனால் சங்கிலிக்கும் சங்கிலிக்கும் நடுவே பிடிமானம் இல்லை, வெயிலில் இளகி ஒட்டும். கந்தகம் சேர்த்துச் சுமார் 140 முதல் 150 டிகிரியில் சூடாக்கினால் கந்தக அணுக்கள் சங்கிலிகளுக்கு இடையே பாலம் போடுகின்றன. கார்பனுக்கும் கந்தகத்துக்கும் கவர்திறன் வேறுபாடு 0.03, பங்கு ஏறக்குறையச் சரிபாதி, தெளிவான சகப்பிணைப்பு. பாலம் விழுந்த பிறகு அந்த ரப்பரை எவ்வளவு சூடாக்கினாலும் உருகி ஓடாது, கருகத்தான் செய்யும். பழைய டயரை உருக்கிப் புது டயர் வார்க்க முடியாததற்குக் காரணம் இதுவே.